தட்டு வைத்த நேரம்

ணங்.

சுவருக்கு அந்தப் பக்கம், எவர்சில்வர் மேஜைமேல் எவர்சில்வர் தட்டை வைக்கிற சத்தம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் பச்சை பெயின்ட் அடித்த சுவரும், அதில் இடுப்பு உயரத்தில் ஒரு சின்னத் தள்ளுஜன்னலும்தான். அதுவும் மூடியிருந்தது. ஆனால் மாசிலாமணிக்கு அந்த ஒரு சத்தம் போதும். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாக இதே பெஞ்சில் உட்கார்ந்து பழகிய காது அது. கத்தரிக்கோலை வைத்தால் வேறு சத்தம், காலித் தட்டை வைத்தால் வேறு சத்தம். அறுத்தெடுத்த கட்டியோடு தட்டைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும்தான் இந்த ணங், அடியில் கொஞ்சம் கனம் உள்ள ணங், கோயில் மணியை யாரோ கையால் பொத்திக்கொண்டு அடித்த மாதிரி. அவர் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபத்தொன்று. ஒரு மனுஷியின் உடம்பிலிருந்து கட்டி வெளியே வந்துவிட்டது. இனி அந்தச் சதை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு சீக்கிரம் ஐஸில் படுக்கிறதோ அவ்வளவுக்கு எதிர்க்கட்டட லேபில் தன் கதையை ஒழுங்காகச் சொல்லும். ஜன்னல் திறந்தால் வாங்கிக்கொண்டு ஓடலாம். திறக்கவில்லை. உள்ளே யாரோ சிரித்தார்கள், குழாயில் தண்ணீர் விழுந்தது, ஒன்பது இருபத்திரண்டு. பெஞ்சின் அடுத்த முனையில் உட்கார்ந்திருந்த ஆள், இன்றைக்கு உள்ளே படுத்திருக்கிற அம்மாவின் புருஷன், உசிலம்பட்டிப் பக்கம் என்று சொல்லியிருந்தான், மடியில் இருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “உள்ள என்னமோ விழுந்துச்சேண்ணே?” என்றான். “விழல, வச்சாங்க,” என்றார் மாசிலாமணி. “வச்சா நல்லதுதான்.” நல்லதா என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று மாசிலாமணி யோசித்தார். ஒரு வாரமாக இதே யோசனைதான். நாலு வாரத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஒரு ணங். பத்து பத்துக்கு. அன்றைக்கு உள்ளே படுத்திருந்தது செண்பகவல்லி.

லீவு போடச் சொன்னார்கள். வெளியே தெரிந்த எல்லாரும் சொன்னார்கள், தியேட்டருக்குள் மட்டும் யாருக்கும் தெரியாது. பொண்டாட்டிக்கு ஆபரேஷன், நீ என்னய்யா பெட்டியத் தூக்கிக்கிட்டு அலையுற என்று வாட்ச்மேன்கூடக் கேட்டான். போடவில்லை. லீவு போட்டால் அன்றைக்குப் பெட்டியைத் தூக்கப் போவது வார்டிலிருந்து யாரோ ஒரு தற்காலிக ஆள். அவன் வழியில் டீ குடிப்பான், லிஃப்ட்டுக்கு நிற்பான், போன் வந்தால் பெட்டியைத் திட்டில் வைத்துவிட்டுப் பேசுவான். அவளுடையதை அப்படி விட முடியுமா? மற்றவர்களுடையதை நாலு நிமிஷத்தில் கொண்டுபோகிற கால், அவளுடையதை மூன்று நிமிஷத்தில் கொண்டுபோகாதா? போனது. ஓடினார். ஐம்பத்தொரு வயசில், செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இரண்டரை நிமிஷத்தில் போய் நின்றார். ஆனால் அதற்கு முன்னால், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நேரம்? பத்து பத்துக்கு ணங் கேட்டது. பத்து இருபது. பத்து முப்பது. டப்பாவை ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டிய சிஸ்டர் ஜெபக்கனி டீ குடிக்கப் போயிருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உள்ளே ஓடுகிற கால் சத்தம் கேட்டது. ஒரு கால் அல்ல, மூன்று நாலு கால்கள். எதற்காக ஓடுகிறார்கள் என்று நினைக்க மனசு ஒப்பவில்லை, தரையில் இருந்த மொசைக் கற்களில் கறுப்பை மட்டும் எண்ணினார், எண்பத்தேழு வரை எண்ணினார். பத்து நாற்பத்தெட்டுக்கு ஜன்னல் திறந்தது. முப்பத்தெட்டு நிமிஷம். பிரஷர் சரசரவென்று இறங்கிவிட்டது என்றும், ரத்தம் ஏற்றினார்கள் என்றும், ஜெபக்கனிதான் ரத்தப் பைக்கு ஓடினாள் என்றும் சாயங்காலம் தெரிந்தது. செண்பகத்தின் உயிரை அவர்கள் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த முப்பத்தெட்டு நிமிஷமும் அவளுடைய சதை அந்தத் தட்டில், தியேட்டர் விளக்கின் சூட்டில், கேட்பாரற்றுக் கிடந்தது. யாரைக் குறை சொல்வது? சதையைப் பார்ப்பார்களா, ஆளைப் பார்ப்பார்களா? ஆளைப் பார்த்தார்கள். அவர்கள் காலில் விழுந்து கும்பிடலாம். ஆனால் அதற்கப்புறம் பேனாவை எடுத்து மாசிலாமணி செய்தாரே, அதை யார் செய்யச் சொன்னார்கள்?

படிவத்தில் ஐந்தாவது கட்டம். கட்டி உடம்பைவிட்டு வந்த நேரம். அதை உள்ளே இருப்பவர்கள்தான் எழுத வேண்டும், அதற்குத்தான் கட்டம். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட எழுதியதில்லை. அவர்கள் கையெல்லாம் ரத்தமும் கையுறையும், பேனாவை எங்கே பிடிப்பார்கள்? காலியாகக் கொண்டுபோனால் லேபில் வாங்க மாட்டார்கள், திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வருவதற்குள் சதை வீணாகிவிடும். பெட்டியை ஒப்படைத்துவிட்டு ரிட்டையர் ஆன அன்றைக்குப் பழைய ஆள் வேலுச்சாமி சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். “உள்ள கேட்டா நர்ஸம்மா கடிக்கும். நீ வாங்குற நேரத்துல அஞ்சு நிமிஷத்தக் கழிச்சுப் போட்டுக்க. வேலை நடக்கணும்ல.” வேலை நடந்தது. பத்து நாற்பத்தெட்டுக்கு வாங்கினால் பத்து நாற்பத்துமூன்று. அழகான, உருண்டையான கையெழுத்து. ராத்திரி வேலைக்காலத்தில் பழகிய எழுத்து அது. அதற்கு முன் பதினோரு வருஷம் அதே லேபில் குளிர்ப்பெட்டிகளுக்கு ராத்திரிக் காவல். பெட்டிகளின் உறுமலுக்கு நடுவே தூக்கம் வராமல், குப்பைக்கூடையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கி, அகராதியை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துப் படித்து, புரதம் என்றால் என்ன, அது ஏன் கட்டிக்குள் கூடுகிறது என்பதெல்லாம் ஒரு மாதிரி பிடிபட்டுப் போயிருந்தது. படிக்காத மேதை என்று செண்பகம் கேலி செய்வாள். மேதைதான். இவ்வளவு படித்த மேதைக்கு அந்த ஐந்து நிமிஷம் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருநாள்கூட யோசிக்கத் தோன்றவில்லை. கட்டம் நிரம்பினால் சரி. போன வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமைக் கூட்டம் இந்த வருஷம்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் தியேட்டர்க்காரர்கள் தியேட்டரில், லேப்காரர்கள் லேபில். நடுவில் இருந்த முற்றத்தைக் கடந்து போனது மாசிலாமணியின் கால் மட்டும்தான். லேபில் கண்டுபிடிப்பது நோயாளிக்கு வந்து சேர வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்று மெஹர் மேடம்தான் ஒற்றைக்காலில் நின்று கூட்டத்தைத் தொடங்கியது. மெஹருன்னிசா, லேபின் தலைமை. முதல் மாதமெல்லாம் ஆஸ்பத்திரி ஹாலில் மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள், இந்தப் பக்கம் லேப்காரர்கள், சம்பந்தி வீட்டார் மாதிரி நடுவில் பிஸ்கட் தட்டு. போன வாரம் பெட்டி தூக்குகிறவரும் வரட்டும் என்று மேடம் சொன்னதால் இவரும் போய் கதவோரம் ஒரு நாற்காலியில் பாதி உட்கார்ந்தார். திரையில் படம் போட்டார்கள். மார்புக்கட்டியில் ஒரு புரதம். நிறைய இருந்தால் நோய் திரும்ப வரும், கீமோ கட்டாயம் வேண்டும். கொஞ்சமாக இருந்தால் கீமோவின் கொடுமை தேவையில்லை, மாத்திரையே போதும். நாலு மாதமாக, சம்மதித்த நோயாளிகளுக்கு இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். செண்பகத்துக்கும் அப்படித்தான் வந்தது: கொஞ்சம். கீமோ வேண்டாம். இதுவரைக்கும் மாசிலாமணிக்கு எல்லாம் தெரிந்ததுதான், சந்தோஷம்தான். அப்புறம் மேடம் இன்னொரு படம் போட்டார். “இந்தப் புரதத்துக்கு ஒரு கெட்ட குணம். திறந்து வச்ச கற்பூரம் மாதிரி. அறைச் சூட்டுல அரைமணி நேரம் இருந்தா பாதிக்கு மேல காணாமப் போயிடும். நிறைய இருந்ததும் கொஞ்சம்னு காட்டும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நல்லவேளை, நம்ம நேரமெல்லாம் அருமை. ஒண்ணுகூடப் பத்து நிமிஷம் தாண்டல. தியேட்டர் டீமுக்குத்தான் நன்றி சொல்லணும்.” எல்லாரும் கை தட்டினார்கள். சர்ஜன் கோதண்டபாணி சார் கூச்சத்தோடு ஒரு பிஸ்கட்டை எடுத்தார். கதவோர நாற்காலியில் மாசிலாமணியின் கையும் தட்டியது. ஐந்து நிமிஷம் கழித்தது, நாலு நிமிஷம் நடந்தது, ஆக ஒன்பது. அந்த அருமையான எண் அவர் பேனாவிலிருந்து வந்தது. தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றதை யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது முப்பத்தெட்டு. ஜன்னல் சரக்கென்று தள்ளப்பட்டது. சிஸ்டர் ஜெபக்கனியின் முகமூடிக்கு மேலே இரண்டு கண், கீழே டப்பா. “பிடிங்கண்ணே, பிடிங்க, உள்ள தையல் போட்டுட்டு இருக்காக.” நாகர்கோவில் பேச்சு இன்னும் நாக்கைவிட்டுப் போகாத பிள்ளை. டப்பா அவர் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு எப்போதும் அவரை என்னவோ செய்யும், கோழிக்குஞ்சைக் கையில் வாங்கின மாதிரி. ஐஸில் குழி பறித்துப் படுக்கவைத்தார். படிவத்தை மூடிமேல் வைத்தார். ஐந்தாவது கட்டம் காலி. பேனா தானாக ஒன்பது என்று எழுதியது, புள்ளி வைத்தது, அப்புறம் மூன்றுக்கு வளைய ஆரம்பித்தது. ஒன்பது முப்பத்துமூன்று, பழக்கம், கைக்கே தெரியும். உசிலம்பட்டி ஆள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். “இதுவாண்ணே? அவளோடதா?” ஆமாம் என்றார். “தொட்டுப் பாக்கலாமா?” பெட்டியின் வெளிப்பக்கத்தைத்தான் கேட்டான். அவன் விரல் பிளாஸ்டிக்கில் பட்டு, குளிருக்குச் சட்டென்று திரும்பியது. “நல்லாப் பாத்துச் சொல்லச் சொல்லுங்கண்ணே. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.” மாசிலாமணி பாதி வளைந்த மூன்றை அடித்தார். பக்கத்தில் இருபத்தொன்று என்று எழுதினார். ஒன்பது இருபத்தொன்று. இரண்டு வருஷத்தில் முதல்தடவை அந்தக் கட்டத்தில் ஓர் அடித்தல். படிவத்தை மடித்து மூடியில் செருகினார். இதை எழுதியாகிவிட்டது என்றால் செண்பகத்துக்கு எழுதியதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நூலை உருவினால் தையல் முழுக்கப் பிரிந்து வரும் என்று செண்பகம் ஜாக்கெட்டைப் பிரிக்கும்போது காட்டியிருக்கிறாள்.

படி இறங்கினார். லிஃப்ட்டை அவர் நம்புவதில்லை. முதல் திருப்பத்தில் எக்ஸ்ரே வரிசை, இரண்டாவது திருப்பத்தில் மருந்துக்கடையின் டெட்டால் வாசனை, அப்புறம் முற்றத்து வெயில். புங்கமர நிழலில் தலையில் துண்டு கட்டிய பெண்கள். கீமோ நாள். ஒருத்தி உப்பு தொட்டுக் கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தாள், வாய் முழுக்கப் புண்ணோடு, ஒவ்வொரு கடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு, ஆனாலும் விடாமல். இவர்களைத் தினமும் பார்க்கிறார். பார்த்துப் பார்த்துத்தான் பயம். ரிசல்ட் வந்த அன்றைக்குச் செண்பகம் பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு இரண்டு முழம் மல்லிகை வாங்கி வரச் சொன்னாள். நாற்பத்தாறு வயசில் இடுப்பைத் தொடுகிற முடி. பாதி நரை, ஆனாலும் இடுப்பைத் தொடும். “உசிரவிட மசுருக்கா பயந்தேன்னு சிரிக்காதீங்க. ஆமா, பயந்தேன்.” கேசரி கிண்டினாள். இடது கையால் கிண்டினாள். வலது கை இன்னும் தோளுக்கு மேலே ஏறவில்லை. டாக்டர் சொன்னபடி தினமும் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றிக்கொண்டே போவாள், எட்டுகிற இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. அடுப்படிச் சுவரில் கோடு கோடாக ஏறிக்கொண்டிருக்கிறது, காலண்டர் ஆணியை நோக்கி. ஆணியைத் தொட்டால் தையல் மெஷினில் உட்காரலாம் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட கணக்கு. ஒரு வாரமாக அவர் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார், சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன? நிஜமாகவே கொஞ்சமாக இருந்திருக்கலாமே. முப்பத்தெட்டு நிமிஷத்தில் போகாமலும் இருந்திருக்கலாமே. அவளுடைய உடம்பு லேசில் எதையும் விட்டுக்கொடுக்காத உடம்பு. அல்லது, நிறைய இருந்து, கற்பூரமாகப் போய், கொஞ்சம் என்று காட்டி, அவள் மல்லிகை வைத்துக்கொண்டு கேசரி கிண்ட, ஒரு வருஷம் கழித்து, இரண்டு வருஷம் கழித்து… அதற்குமேல் நினைப்பு போகாது, முட்டி நிற்கும், திரும்ப ணங்கில் போய்த் தொடங்கும். ஒரு வாரம் இப்படித்தான். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்து, மயக்கம் முழுசாகத் தெளியாமல் அவள் கேட்டது ஞாபகம் வந்தது. “நீங்கதான் கொண்டு போனீகளா?” ஆமாம் என்றார். “கல்யாணத்தப்பக்கூட என்னயத் தூக்குனதில்ல. இப்பத்தான் தூக்கியிருக்கீக. அதுவும் டப்பாவுல.” சிரித்ததில் தையல் வலித்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத் துரோகம் எது, சொல்வதா, சொல்லாமல் இருப்பதா? முற்றம் முடிந்துவிட்டது. நாலு நிமிஷத்தில் முடிந்துவிடுகிற முற்றம்தானே.

லேபில் மெஹர் மேடமே நின்றிருந்தார். டப்பாவை வாங்கி, படிவத்தைப் பார்த்து, புருவத்தைச் சுருக்கினார். “என்னண்ணே, ஒம்போது இருபத்தொண்ணா? இப்ப ஒம்போது நாப்பத்திரண்டு. இன்னிக்கு மட்டும் ஏன் இவ்ளோ லேட்டு?” இன்றைக்கு மட்டும். அந்த ‘மட்டும்’ அவரைக் குத்தியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மாசிலாமணி சொன்னார். “இன்னிக்கு மட்டும் இல்ல மேடம். இன்னிக்குத்தான் சரியா எழுதியிருக்கேன்.” அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். கட்டத்தை, வேலுச்சாமியை, ஐந்து நிமிஷத்தை, ணங்கை. சொல்லச் சொல்லத் தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. மேடம் உட்காரவில்லை, ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “எத்தன பேரோடது இப்படி?” “எல்லாமே மேடம்.” “எல்லாமேன்னா?” “ரெண்டு வருஷமா.” குளிர்ப்பெட்டி உறுமியது. ஒருகாலத்தில் ராத்திரியெல்லாம் அவருக்குத் துணையிருந்த அதே உறுமல், இப்போது அதுவும் இவரையே பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது. “நூத்தி அறுபத்துமூணாம் நம்பர் டப்பாவுக்கு எவ்வளவு நேரம்னு எனக்கு நல்லாத் தெரியும்,” என்றார் மாசிலாமணி. “முப்பத்தெட்டு நிமிஷம். கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.” “அது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?” “எங்க வீட்டுல மேடம். செண்பகவல்லி.” நம்பரைத் தவிர எதுவும் தெரியாத மேடத்தின் முகத்தில் நம்பர் முதல்தடவையாக ஒரு பெயரானது. திட்டுவார் என்று நின்றார். ரெண்டு வருஷ உழைப்பு, அந்தப் படங்கள், அந்தக் கைதட்டல். மேடம் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, “ஒக்காருங்கண்ணே,” என்றார். “ஐயோ, ஒக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க.” அப்புறம் போனை எடுத்தார்.

கோதண்டபாணி சார் அடுத்த கேஸுக்குக் கை கழுவப்போன மனுஷன், தியேட்டர் செருப்போடு, தலைத்தொப்பியோடு, முற்றத்தைக் கடந்து லேபுக்கு வந்தார். பின்னாலேயே சிஸ்டர் ஜெபக்கனி. இருபது வருஷத்தில் சர்ஜன் அந்த வாசலை மிதித்தது இதுதான் முதல்தடவை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். “அந்த நேரத்த நீங்க லேப்ல எழுதுறீங்கன்னுல்ல நெனச்சேன்,” என்றார் சார். “நாங்க நீங்க உள்ள எழுதுறீங்கன்னு நெனச்சோம் சார்,” என்றார் மேடம். இரண்டு பேரும் சேர்ந்து மாசிலாமணியைப் பார்த்தார்கள். “ஏன்யா, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?” என்றார் சார். கேட்டிருக்கலாம். யாரிடம்? மூடின ஜன்னலிடமா? வாயில் வந்தது. அதற்குள் ஜெபக்கனி முந்திக்கொண்டாள். “கேட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன் சார். எனக்கென்ன ஆறு கையா இருக்கு? அன்னைக்கு அந்த அக்காவுக்கு பிரஷர் எறங்குனப்ப எனக்குத் தட்டு ஞாபகமே இல்ல.” அந்த அக்கா இவர் வீட்டுக்காரி என்று தெரிந்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. இவர் அவளைப் பார்த்துக் கையைக் கூப்பினார். மேடம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே பேசினார். “ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசி போட்டு ஒரு நூல் சதை எடுத்தோமே, அது எடுத்த நொடியிலேயே மருந்துல விழுந்தது, சூடே படல. மூணாவது மாடி பேதாலஜில மெழுகுக்கட்டியா பத்திரமா இருக்கும். அதுலயே பாத்துடலாம். எட்டு நாள் ஆகும்.” “கீமோ ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாப் போதும். ஒங்க வீட்டுக்கு நாலு வாரம்தான் ஆகுது. நேரம் இருக்கு,” என்றார் சார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கீமோ வேண்டாம்னு எத்தன பேருக்குச் சொன்னோம்?” என்றார். பதினொரு பேர். அதில் நாலு பேருக்கு ஆறு வாரம் தாண்டிவிட்டது. அந்த நாலு பேரின் நம்பரும் மாசிலாமணிக்குத் தெரியும், ஒவ்வொன்றும் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்த நம்பர். “பதினொரு பேரையும் கூப்பிடணும். இன்னிக்கே. தாண்டுனவங்களையும்தான். லேட்டானா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு இல்ல, ஆனா நாமதான் சொல்லணும், நேர்ல,” என்றார் சார். இன்றைக்கு வியாழக்கிழமைதானே, மத்தியானக் கூட்டத்தில் பேசலாம் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் அங்கேயே, நின்றபடியே, பிஸ்கட் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் ஜெபக்கனி, “எழுதத்தானே கை இல்ல, வாய் இருக்குல்லா,” என்றாள். “தட்டு வச்ச ஒடனே நேரத்த உள்ள இருந்து கத்துறேன். அண்ணன் வெளிய எழுதிக்கட்டும்.” சார் சிரிக்கவில்லை. “கத்து,” என்றார். “நல்லாக் கத்து.”

முற்றத்தில் நின்று போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தார். மெஷின் இன்னும் ஓடவில்லை என்று உடனே ஞாபகம் வந்தது. “சொல்லுங்க,” என்றாள். சொன்னார். எப்படி ஆரம்பித்தார், எங்கே முடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. முப்பத்தெட்டு நிமிஷம் என்பதை மட்டும் இரண்டுதடவை சொன்னார். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. கொய்யா தின்றுகொண்டிருந்தவள் விதைகளை மண்ணில் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப, கீமோ வந்தாலும் வருமா?” என்றாள் செண்பகம். “வரலாம். வராமலும் இருக்கலாம். எட்டு நாளாகும்.” இன்னொரு விசில். “போன வியாழக்கிழமையில இருந்து தெரியுமா?” “தெரியும்.” “அதான் சோறு எறங்கலயா? நான் கொழம்புல உப்பு கொறஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்.” அவர் புங்கமர நிழலுக்கு நகர்ந்தார். “எம் முடிக்காகவா ஒரு வாரம் வாயத் தொறக்கல?” “ஆமா.” “மண்டு,” என்றாள் அவள். கோபமில்லாமல், ரொம்ப நாளைக்கப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் குரல் உடைந்தது. “எனக்குப் பயமா இருக்குங்க.” “எனக்கும்தான்.” “சரி. ரெண்டு பேரும் பயந்துக்குவோம். தனியாப் பயந்தா அசிங்கமா இருக்கு.” மூக்கை உறிஞ்சினாள். “மத்தவங்ககிட்டயும் சொல்லியாச்சா? அந்தப் பத்துப் பேர்கிட்டயும்?” “இப்பத்தான் கூப்புடுறாங்க.” “அந்தப் பொம்பளைகளும் பூ வாங்கியிருப்பாளுக,” என்றாள். வைக்கப் போனவள், “ஏங்க,” என்று கூப்பிட்டாள். “இன்னிக்கு ஆணிக்கு இன்னும் ரெண்டு வெரக்கடைதான் பாக்கி. வந்து பாருங்க.”

வெயில் ஏறிவிட்டது. ஐஸ்பெட்டி அவர் காலடியில் மூடி திறந்து கிடந்தது, பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டிருந்தது. தண்ணீரைப் புங்கமரத்து வேரில் கவிழ்த்தார். மனசுக்குள் பதினொரு நம்பரும் வரிசையாக ஓடியது, முன்னெல்லாம் தூக்கம் வர ஆட்டை எண்ணுவதுபோல நம்பர்களை எண்ணிப் படுப்பார், இனிமேல் எண்ணினால் தூக்கம் வராது, வர வேண்டாம், எட்டு நாள் வராவிட்டால்தான் என்ன, ராத்திரிக்கு முழித்திருக்கத் தெரிந்த உடம்புதானே. படியேறித் தியேட்டர் பெஞ்சுக்கு வந்தார். உசிலம்பட்டி ஆள் இன்னும் அங்கேயே இருந்தான். “கொடுத்துட்டீங்களாண்ணே?” “கொடுத்துட்டேன். நேரம் சரியா எழுதியிருக்கு.” அவனுக்கு அது என்னவென்று புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினான். இரண்டாவது கேஸ் உள்ளே போய் எவ்வளவு நேரமாகியிருக்கும், தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். குழாய் சத்தம். யாரோ யாரையோ அதட்டுகிற சத்தம். காற்றாடி. அப்புறம், அடியில் கனத்தோடு, கையால் பொத்தின மணி மாதிரி, ணங். அது அடங்குவதற்குள் சுவரைத் துளைத்துக்கொண்டு ஜெபக்கனியின் குரல், சந்தையில் கூவுகிற மாதிரி: “பதினொண்ணு அம்பத்தாறேய்!” உசிலம்பட்டி ஆள் துள்ளி எழுந்துவிட்டான். “என்னாச்சுண்ணே?” “ஒண்ணுமில்ல, ஒக்காரு. நேரம் சொல்றாங்க.” மாசிலாமணி பெட்டிமேல் வைத்த படிவத்தின் ஐந்தாவது கட்டத்தில் பதினொன்று ஐம்பத்தாறு என்று எழுதினார். அடித்தல் எதுவும் இல்லை. பேனாவை மூடிப் பைக்குள் செருகினார். தாழ்வாரத்து மூலையில் இருந்த மெஷினிலிருந்து இரண்டு சிரட்டை ஐஸ் அள்ளிப் பெட்டியில் போட்டு, கையால் சமப்படுத்தி, நடுவில் டப்பா படுக்கிற அளவுக்கு ஒரு குழி பறிக்க ஆரம்பித்தார்.